காடு கேட்கும் நீதி
(நூலாய்வுக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கொலைக் கதை என்றதும், பொழுதுபோக்கும் மலிவு நூலொன்றைப் பற்றியோ நாம் பேச வந்தோம் என்று நீங்கள் ஐயுறலாம். அன்று. போலந்து நாட்டு எழுத்தாளர் ஒல்கா தோக்கார்ச்சுக் அம்மையார் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலையே நாம் எடுத்துக்கொண்டோம். "இறந்தோர் எலும்புகளின்மேல் உன் ஏரை ஓட்டு" என்பது அதன் பெயர். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கிடமிருந்து பெற்ற தொடர். 2018ஆம் ஆண்டுக்குரிய நொபெல் இலக்கியப் பரிசு, 2019இல் இவ்வம்மையாருக்கே அறிவிக்கப்பட்டது.

செக் நாட்டெல்லையை அடுத்த மலைச் சிற்றூர், உறைபனிக் காலம். யானினா துஷெய்க்கோ என்னும் முதியவள் அங்கே தனித்து வாழ்கிறாள். முன்னாளிற் பாலங் கட்டிய பொறியியலாளர். இந்நாளிற் சிறுவர்க்கு ஆங்கிலங் கற்பிப்பவள். சோதிடத்தில் ஆழ்ந்த நம்பிக்கையுடையவள். ஓரிரவு, திருட்டு வேட்டையாடும் அயலவன் ஒருவன் மானெலும்பு தொண்டையிற் சிக்கி இறக்கிறான். பின்னர்ப் பொலிஸ் அதிகாரி கிணற்றிலே பிணமாகக் கிடக்கிறான். சுற்றிலும் பனியில் மான்குளம்பின் சுவடுகள்! வேட்டையோடு தொடர்புடையோர் ஒருவர்பின் ஒருவராய் மடிகின்றனர். விலங்குகளே பழிவாங்குகின்றன என்று கிழவி பொலிசாருக்குக் கடிதம் எழுதுகிறாள். இடைக்கால ஐரோப்பாவில் விலங்குகள்மீது வழக்கு நடத்தப்பட்டதை எடுத்துக் காட்டுகிறாள். கேட்பார் எவருமில்லை.

ஐரோப்பிய மக்களிடை வழங்கும் தொல்கதையொன்றும் இங்கே உயிர்பெறுகிறது. ஹூபேர்ட் என்னும் வேடன், கொம்புகளின் நடுவே சிலுவை ஒளிரும் கலைமானைக் கண்டு மனந்திரும்பினானாம். அவனையோ வேட்டைக்காரர் தம் காவற் புனிதராகக் கொண்டாடுகின்றனர்! குருவானவர் அவர்களைப் புகழ்ந்து பிரசங்கிக்கும்போது, கிழவி கோவிலிலேயே எழுந்து கூக்குரலிடுகிறாள். போலிஷ் மொழியிலே பிரசங்க மேடைக்கும், வேடர் மறைந்திருந்து சுடும் பரணுக்கும் பெயர் ஒன்றே. இதனினும் கூரிய நையாண்டி வேண்டுமோ?

காட்டுப்பன்றி உழக்கிய வயலை விடியலிற் கண்டு கலங்கும் உழவனின் துயருக்கு இந்நூலில் உரிய இடமில்லை. அது ஒரு குறையென்றே நாம் கொள்கிறோம். ஆயினும், பயிரைக் காப்பவன் வேறு. கேளிக்கைக்காகக் கொல்பவன் வேறு. இந்நூல் குற்றஞ்சாட்டுவது பின்னவனையே.

கொலைஞர் யாரென உரைத்து உங்கள் ஆவலைக் கெடுக்கமாட்டோம். அதனை அறியும் வேளையில், அதுவரை யார் பக்கம் நின்றோம் என்பதை எண்ணி நம் நெஞ்சம் துணுக்குறும். அக்கொலைகளை நாம் நியாயப்படுத்தோம். உயிர்மேல் இரக்கம் உயிர்பறிக்கும் உரிமையாகாது. ஆனால், முறையீடுகளுக்குப் பதிலெழுதாத அலுவலகங்களும் அப்பழியிற் பங்குடையன. செவிசாயாத சட்டம், மக்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது. இவ்வுண்மை போலந்துக்கு மட்டும் உரியதன்று.

நூலைத் தேடிப் படியுங்கள்.