புகையும் பொக்கிஷமும்

(ஒரு மாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் புகையிலை. இதைச் சொன்னவுடனேயே சில தோழர்கள் முகத்தில் சிரிப்புத் தோன்றுவதைப் பார்க்கிறேன். "சரி, இவரும் ஒழுக்கப் பிரசங்கம் செய்யக் கிளம்பிவிட்டார், பீடியை எறி, உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள் என்று உபதேசம் செய்யப் போகிறார்" என்று நினைக்கிறீர்கள் போலும். அப்படி ஒன்றுமில்லை. பீடி குடிப்பது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். பாவ புண்ணியக் கணக்கு எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கை வைத்துப் பிழைக்கிறவர்களைத்தான் அதைக் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த கணக்கெல்லாம் ஒன்றுதான். ஒரு காரியத்தினால் நஷ்டம் யாருக்கு, லாபம் யாருக்கு என்று பார்ப்பதே அது.

அந்தக் கணக்கைப் பார்ப்பதற்கு ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய இரண்டு தேசங்களை எடுத்துக்கொள்ளுகிறேன். ஏன் இந்த இரண்டு என்றால், இரண்டும் பணக்கார தேசங்கள். இரண்டிலும் படிக்காதவர் மிகக் குறைவு. இரண்டிலும் நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆகவே, "ஜனங்களுக்கு அறிவில்லை, அதனால் புகைக்கிறார்கள்" என்கிற சுலபமான பதிலை இங்கே சொல்ல முடியாது. "அது அந்த ஜாதியாரின் குணம், ரத்தத்தில் ஊறியது" என்றும் சொல்ல முடியாது. ஏனென்றால் 1945-ல் ஆஸ்திரேலிய ஆண்களில் 100க்கு 72 பேர் புகைத்தார்கள். ஜப்பானில் 1966-ல் ஆண்களில் 100க்கு ஏறக்குறைய 84 பேர் புகைத்தார்கள். இரண்டு இடத்திலும் புகைக்காத ஆண்பிள்ளையைத்தான் விசித்திரமாகப் பார்த்திருப்பார்கள்.

இப்போது என்ன நிலைமை? ஆஸ்திரேலியாவில் 2022-23-ல் எடுத்த கணக்குப்படி, 14 வயதுக்கு மேற்பட்டவர்களில் தினசரி புகைக்கிறவர்கள் 100க்கு 8 பேருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஜப்பானில் 2019-ல் சர்க்கார் எடுத்த கணக்குப்படி ஆண்களில் 100க்கு 27 பேர், பெண்களில் 100க்கு 7, 8 பேர். ஜப்பானிலும் குறைந்திருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவன் ஓடியே போய்ச் சேர்ந்துவிட்டான், மற்றொருவன் காலில் குண்டு கட்டிக்கொண்டு நடக்கிறான். அந்தக் குண்டு எது என்பதுதான் கேள்வி.

அதற்கு 1904-ம் வருஷத்திற்குப் போக வேண்டும். அப்போது ஜப்பான் ருஷியாவோடு யுத்தம் செய்தது. யுத்தத்திற்குப் பணம் வேண்டும். என்ன செய்தார்கள்? நாட்டிலுள்ள சிகரெட் வியாபாரத்தை முழுவதும் சர்க்காரே எடுத்துக்கொண்டு, நிதி இலாகாவின் கையில் ஒப்படைத்தார்கள். ஜனங்கள் விடுகிற புகையெல்லாம் பீரங்கிக் குண்டாக மாறிற்று. யுத்தம் மறு வருஷமே முடிந்தது. ஆனால் வியாபாரம் முடியவில்லை. எந்த சர்க்காரும் அவசரத்திற்கென்று பிடித்த மாட்டை அவசரம் தீர்ந்தவுடன் அவிழ்த்து விடுவதில்லை அல்லவா? 1949-ல் அதற்கு ஒரு தனி ஸ்தாபனம் வைத்து, புகையிலையோடு உப்பையும் கற்பூரத்தையும் சேர்த்து நடத்தினார்கள். (கற்பூரம் என்றவுடன் கோயிலை நினைக்க வேண்டாம். அது செல்லுலாயிட் முதலிய சாமான்கள் செய்வதற்கு.) 1985-ல் அதையே "ஜப்பான் டுபாக்கோ" என்கிற கம்பெனியாக மாற்றினார்கள். அக்கம்பெனியின் பங்குகளில் மூன்றில் ஒரு பாகத்திற்குக் குறையாமல் சர்க்கார் வைத்திருக்க வேண்டும் என்பது இன்றும் அங்கே சட்டம். முன்பு அது பாதியாக இருந்தது. 2011-ல் பூகம்பமும் கடல் பெருக்கும் வந்து நாசமான பிறகு, புனருத்தாரணத்திற்குப் பணம் வேண்டுமென்று 2013-ல் கொஞ்சம் விற்றார்கள். இந்தப் பங்குகளுக்குச் சொந்தக்கார இலாகா எது? சுகாதார இலாகாவா? அல்ல, நிதி இலாகா.

1984-ல் செய்த புகையிலைத் தொழில் சட்டத்தின் முதல் பிரிவைப் பார்த்தால் அதன் நோக்கம் சொல்லப்பட்டிருக்கிறது. புகையிலைத் தொழில் நன்றாக வளர வேண்டும், சர்க்காருக்கு வருமானம் நிலையாக வர வேண்டும் என்பவைதான் அதில் உள்ள விஷயங்கள். ஜனங்களின் சுவாசப்பை அந்த நோக்கத்தில் இல்லை. சிகரெட் பெட்டியின் மேல் என்ன எச்சரிக்கை எழுத வேண்டும் என்பதையும் அந்த நிதி இலாகாவே தீர்மானிக்கிறது. கள்ளுக்கடைக்காரனையே மதுவிலக்குப் பிரசாரகனாக நியமித்தால் அவன் எப்படிப் பேசுவானோ, அப்படித்தான் அந்த எச்சரிக்கையும் இருந்தது. 1972-ல் முதன்முதல் எழுதினார்கள். என்ன எழுதினார்கள்? ஆரோக்கியத்தை உத்தேசித்து அளவுக்கு மிஞ்சிக் குடிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி! அளவோடு குடி, நாளைக்கும் வா என்பதுதானே இதன் அர்த்தம்? இப்போது எழுத்துக்களைப் பெரிதாக்கி, பெட்டியின் முகத்தில் பாதியளவு போட்டிருக்கிறார்கள். ஆனால் அழுகிய சுவாசப்பையின் படமோ, அறுபட்ட தொண்டையின் படமோ கிடையாது. வெறும் எழுத்துதான்.

இதில் மிகவும் துக்கமான பாகம் ஒன்று இருக்கிறது. தாய்மார்கள் இதைக் கவனமாய்க் கேட்க வேண்டும். புகைக்கிறவன் மாத்திரமல்லாமல் அவன் பக்கத்தில் இருப்பவளும் சாகிறாள் என்று முதன்முதல் உலகத்திற்கு எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஒரு ஜப்பானியர்தான். தகேஷி ஹிராயாமா என்பது அவர் பெயர். புகைப் பழக்கமே இல்லாத 91,540 மனைவிமார்களை 14 வருஷ காலம் கணக்கெடுத்து வந்தார். ஒவ்வொரு பெண்ணுடைய புருஷனும் எவ்வளவு புகைக்கிறான் என்று குறித்து வைத்தார். தினம் ஒரு பெட்டிக்குக் குறையாமல் புகைத்த புருஷர்களின் மனைவிமார்களுக்கு, புகைக்காத புருஷர்களின் மனைவிமார்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நுரையீரல் புற்றுநோய் கண்டிருந்தது. 1981-ல் இதைப் பிரசுரித்தார். சிகரெட் கம்பெனிகள் அவருடைய கணக்கே தப்பு என்று பத்திரிகைகளில் கூச்சல் போட்டன. ஆனால் அவர்களுடைய சொந்த ஆலோசகர்களே ஹிராயாமா சொல்வது சரிதான் என்று தங்களுக்குள் ஒப்புக்கொண்டது பிற்காலத்தில் வெளிவந்த தஸ்தாவேஜுகளில் இருக்கிறது. வெளியே ஒரு பேச்சு, உள்ளே ஒரு பேச்சு. நமக்கு இது புதிதா என்ன?

சரி, உண்மை தெரிந்துவிட்டது. அதுவும் சொந்த நாட்டிலேயே தெரிந்துவிட்டது. பிறகு என்ன நடந்தது? 2002-ல் தோக்கியோ பட்டணத்தின் சியோடா வார்டில், தெருவில் நடந்துகொண்டு புகைத்தால் 2,000 யென் அபராதம் என்று விதித்தார்கள். எதற்காக? துண்டுகள் தெருவைக் குப்பையாக்குகின்றன, கூட்டத்தில் நெருப்பு முனை குழந்தைகளின் முகத்தில் படுகிறது என்பதற்காக. நல்லதுதான். ஆனால் காற்றோட்டமான தெருவில் புகைக்கக் கூடாது, நாலு சுவருக்குள்ளே சாப்பாட்டு விடுதியில், தட்டுக் கழுவும் பெண்ணின் மூக்குக்கு நேரே, தாராளமாகப் புகைக்கலாம் என்று வெகு காலம் இருந்ததே, இது என்ன நியாயம்? விஷம் என்கிற பேச்சை எடுக்காமல் "மரியாதை" என்கிற பேச்சை எடுத்தால் இப்படித்தான் ஆகும். கம்பெனியும் மரியாதையாகப் புகைப்பது எப்படி என்று அழகழகாக விளம்பரப் பலகைகள் வைத்தது! சுவரில்லாத இடத்தில் மரியாதை, சுவருள்ள இடத்தில் மரணம்.

சாப்பாட்டு விடுதிகளுக்குள் புகைக்கக் கூடாது என்கிற தேசச் சட்டம் 2018-ல் நிறைவேறி, 2020 ஏப்ரலில்தான் முழுவதும் அமலுக்கு வந்தது. ஹிராயாமா சொன்னதற்கும் இதற்கும் நடுவில் 39 வருஷம். அதிலும் ஓட்டை. 30 சதுர மீட்டர் வரையுள்ள சிறு கடைகளுக்கு மாத்திரம் விலக்குக் கொடுக்கலாம் என்று சுகாதார இலாகா ஆரம்பித்தது. ஆளுங்கட்சிக்காரர்கள் இழுத்த இழுப்பில் அது 100 சதுர மீட்டர் ஆயிற்று. முதல் 5 கோடி யென்னுக்கு மேற்படாத பழைய கடைகளுக்கெல்லாம் அந்த விலக்கு. தோக்கியோ நகரத்தார் மாத்திரம், கூலிக்கு ஆள் வைத்திருக்கிற கடைகளுக்கு இந்த விலக்குச் செல்லாது என்று தனியாக ஒரு விதி செய்துகொண்டார்கள். முதலாளி தன் நுரையீரலை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், வேலைக்காரனுடையது அவன் சொத்தல்ல என்பது அதன் தத்துவம். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

இனி ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். அங்கேயும் ஆரம்பத்தில் சர்க்கார் ஒன்றும் தானாக விழித்துக்கொள்ளவில்லை. ரேடியோவிலும் டெலிவிஷனிலும் சிகரெட் விளம்பரத்தை 1973 முதல் 1976 வரை படிப்படியாக நிறுத்தினார்கள். கம்பெனிகள் உடனே பெரிய பெரிய விளம்பரப் பலகைகளுக்கும், பந்தாட்டப் பந்தயங்களுக்கும் ஓடின. அப்போது 1979-ல் சிட்னி நகரத்தில் சிலர் சாயத்தை எடுத்துக்கொண்டு இரவில் கிளம்பினார்கள். சிகரெட் விளம்பரப் பலகைகளில் உள்ள எழுத்துக்களை மாற்றிக் கேலியாக எழுதினார்கள். அவர்களில் வைத்தியர்களும் உண்டு. பிடிபட்டவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அங்கே கேஸ் நடக்கும்போது யார் குற்றவாளி என்கிற கேள்வியையே திருப்பிக் கேட்டார்கள். ஊரே சிரித்தது. ஒரு பொய்யைப் பார்த்து ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டால் அந்தப் பொய்யின் ஆயுள் பாதி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

1987-ல் விக்டோரியா மாகாணத்தார் ஒரு நல்ல தந்திரம் செய்தார்கள். சிகரெட்டின் மேல் ஒரு வரி போட்டு, அந்தப் பணத்தைக்கொண்டே ஒரு சுகாதார ஸ்தாபனம் ஏற்படுத்தி, பந்தாட்டச் சங்கங்களுக்குக் கம்பெனிகள் கொடுத்து வந்த பணத்தை அந்த ஸ்தாபனம் கொடுத்தது. கம்பெனியின் பெயர் போயிற்று, ஆட்டம் நின்றபாடில்லை. 1992-ல் தேசம் முழுவதற்கும் விளம்பரத் தடைச் சட்டம் வந்தது. 2006-ல் பெட்டிகளில் படங்கள் வந்தன.

கடைசியாக 2012 டிசம்பர் 1-ந் தேதி முதல் எல்லாக் கம்பெனிப் பெட்டிகளும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அழகான நிறமல்ல, சேறும் சாணியும் கலந்த மாதிரி ஒரு மங்கல் நிறம். கம்பெனியின் சின்னம் கூடாது. பெயரை மாத்திரம் ஒரே மாதிரி சிறு எழுத்தில் போடலாம். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த சுகாதார மந்திரி நிக்கோலா ராக்ஸன் என்கிற பெண்மணி. அவருக்குப் பத்து வயதாயிருக்கும்போது, புகைப் பழக்கமுள்ள அவர் தகப்பனார் புற்றுநோயில் இறந்துபோனார்.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? உச்ச நியாயஸ்தலத்தில் வழக்குப் போட்டன. எங்கள் சின்னமும் எங்கள் நிறமும் எங்கள் சொத்து, அதை சர்க்கார் பறித்துக்கொண்டது என்பது வாதம். அந்த வழக்கில் வாதியாக நின்றவர்களில் ஒருவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஜப்பான் டுபாக்கோவின் வெளிநாட்டுக் கிளைக் கம்பெனி! தோழர்களே, இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். எந்தக் கம்பெனியில் ஜப்பான் நிதி இலாகாவுக்குப் பெரிய பங்கு உண்டோ, அந்தக் கம்பெனி வேறொரு தேசத்துக் குழந்தைகளைச் சிகரெட்டிலிருந்து காப்பாற்றுகிற சட்டத்தை உடைக்க வழக்காடியது. புகையிலையை அடக்குவதற்கான உலக உடன்படிக்கையை ஜப்பான் 2004-லேயே ஏற்றுக்கொண்டிருந்தது! 2012 ஆகஸ்டில், ஏழு நியாயாதிபதிகளில் ஆறு பேர் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு பிலிப் மாரிஸ் கம்பெனி ஹாங்காங் வழியாக ஒரு மத்தியஸ்தத்திற்கு இழுத்து 2015-ல் தோற்றது. உலக வியாபார ஸ்தாபனத்தில் நடந்த வழக்கும் 2020-ல் ஆஸ்திரேலியாவின் பக்கமே முடிந்தது.

ஆஸ்திரேலியர் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்நாட்டுத் தொழிற்கட்சி 2004 வரையிலும், லிபரல் கட்சி 2013 வரையிலும் சிகரெட் கம்பெனிகளின் நன்கொடையை வாங்கிக்கொண்டுதான் இருந்தன. அந்த மண்ணின் பூர்வீக ஜனங்களுக்கு, வெள்ளைக்காரர்கள் வெகு காலம் கூலிக்குப் பதிலாகப் புகையிலையை அளந்து கொடுத்தார்கள். வேலைக்குக் கூலி கொடுக்காமல் விஷத்தைக் கொடுத்துப் பழக்கினார்கள். அதன் பலன், 2018-19-ல்கூட அவர்களில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 37 பேர் தினசரி புகைத்தார்கள். 100க்கு 8 என்கிற கணக்கைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் இந்த 37-ஐயும் பார்க்க வேண்டும். கீழே அழுத்தி வைக்கப்பட்டவன் மேல்தான் எப்போதும் பழைய பாவம் கடைசி வரையில் தங்குகிறது.

வரி விஷயமும் இருக்கிறது. அங்கே வரியை ஏற்றிக்கொண்டே போனதில், 20 சிகரெட் உள்ள ஒரு பெட்டி 40 டாலரைத் தாண்டிவிட்டது. ஜப்பானில் சுமார் 600 யென்னுக்குக் கிடைப்பதைப் போல் ஆறேழு மடங்கு. 2019-20-ல் இந்த வரியால் சுமார் 1,600 கோடி டாலர் வந்தது. பிறகு வருமானம் கீழே இறங்க ஆரம்பித்தது. எல்லாரும் விட்டுவிட்டதனாலா? கொஞ்சம் அதனால், பெரும்பாகம் கள்ளச் சரக்கினால். 2023 முதல் மெல்போர்ன் பக்கத்தில் கள்ள வியாபாரக் கும்பல்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டு, நூற்றுக்கு மேற்பட்ட கடைகளுக்குத் தீ வைத்திருக்கிறார்கள். ஆகவே விலையை ஏற்றினால் மாத்திரம் போதும் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பொக்கிஷம் வரியின் ருசியைக் கண்டுவிட்டால், பங்குக்காரனுக்கும் வரி வாங்குகிறவனுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் மெலிந்துகொண்டேதான் போகும்.

இங்கே ஒரு நண்பர் எழுந்து, "ஜப்பானியர்தானே உலகத்தில் அதிக நாள் வாழ்கிறார்கள், புகை அவர்களை என்ன செய்துவிட்டது?" என்று கேட்கலாம். அவர்கள் உண்ணும் உணவு, அவர்களின் வைத்திய வசதி, பருமன் குறைந்த உடம்பு இவையெல்லாம் அவர்கள் ஆயுளைக் கூட்டுகின்றன. ஆனால் ஜப்பானிய ஆண்களைக் கொல்லுகிற புற்றுநோய்களில் முதலாவது எது என்று கேட்டுப் பாருங்கள், நுரையீரல் புற்றுநோய்தான். கடன்காரன் வீட்டில் நல்ல விளைச்சல் இருக்கிறது என்பதனால் கடன் இல்லையென்று ஆகிவிடுமா?

இன்னொன்று. ஜப்பானைப் பார்த்து மூக்கின்மேல் விரல் வைக்கிற நாம், இந்தியாவின் பெரிய சிகரெட் கம்பெனியாகிய ஐ.டி.சி.யில் சர்க்காரின் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனுக்கு எவ்வளவு பெரிய பங்கு இருக்கிறது என்பதையும் விசாரித்துப் பார்க்கலாம். ஆயுளுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கிற கையே ஆயுளைக் குறைக்கிற சரக்கிலும் முதல் போட்டிருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றிரவு போதாது.

தலைவர் மணி அடித்துவிட்டார். கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் சீட்டில் எழுதி அனுப்பினால் எனக்குத் தெரிந்த மட்டில் பதில் சொல்லுகிறேன்.