காத்திருக்கிற காலத்திலும் கமரா பழகலாம்

(எமது சனிக்கிழமைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கிழமை ஒரு தம்பி என்ர மேசைக்கு வந்தார். "சேர், ஊரில நான் கலியாண வீடுகளுக்குப் படம் எடுத்தனான். இங்க ஒரு ஸ்ரூடியோக்காரர் கையில காசு தாறன், வா எண்டு கூப்பிடுறார். போகட்டோ?" எண்டு கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறேன். நானும் ஒரு காலம் அதே இடத்தில் நின்றவன்.

ஊரில் நான் விஞ்ஞான ஆசிரியர். வில்லையையும் ஒளிமுறிவையும் கரும்பலகையில் கீறிப் படிப்பித்தேன். ஆனால் கமராவை ஒழுங்காகக் கையில் பிடித்தது 2010 இல், இங்கே பிரித்தானியாவில் அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தபோதுதான். பக்கத்து அறைக்காரர் தன்ர பழைய கமராவைத் தந்தார். கோயில் தேருக்குப் படம் எடுக்க ஆள் தேவை என்றார்கள். போனேன்.

நல்ல வெயில். வானம் நன்றாக விழுந்திருந்தது, அம்மனின் முகம் மட்டும் கறுப்பு. கமரா வானத்தின் வெளிச்சத்தை அளந்துவிட்டது. முகத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் நாங்கள் மறுபக்கம் போய் நிற்க வேண்டும் என்று அன்று படித்தேன்.

அடுத்தது தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டி. ஓடுகிற பிள்ளைகளின் கால்கள் எல்லாம் கலங்கிப் போயின. ஷட்டர் வேகம் செக்கனில் 60 இல் ஒரு பங்கு போதாது, 500 இல் ஒரு பங்காவது வேண்டும். பிறகு கலைவிழா. நேரே ஃபிளாஷ் அடித்தால் ஆடுகிற பிள்ளைக்குக் கண் கூசும், மேடை வெளிச்சத்தின் நிறமும் போய்விடும். ஃபிளாஷை நிறுத்தி, ஐ.எஸ்.ஓ வை 1600 க்குக் கூட்டினேன். படத்தில் கொஞ்சம் மணல் தூவினது போல இருந்தது, ஆனால் பிள்ளையின் கண் தெரிந்தது.

முதியோர் ஒன்றுகூடலில் படித்தது வேறு பாடம். ஒரு ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தம்பி, என்ர படத்தை இன்ரநெற்றில போட்டுடாதேங்கோ. மகள் ஊரில இருக்கிறாள்" என்றார். அன்றிலிருந்து கேட்காமல் ஒருவரின் படத்தையும் நான் வெளியே கொடுப்பதில்லை.

கலைவிழாப் படங்களைப் பார்த்த ஒரு தகப்பன், மகளின் சாமத்திய வீட்டுக்கு 150 பவுண்ஸ் தருவதாகக் கேட்டார். அந்தக் காசு எனக்குப் பெரிய காசு. மறுத்துவிட்டேன். பெரிய நேர்மை என்று சொல்ல வரவில்லை, பயம்தான் காரணம். அவருக்கு முகம் சுருங்கிப் போனது.

உறவுகளே, இதைக் கவனமாகக் கேளுங்கோ. வேலை அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்வது 2016 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சுயதொழிலும் அதற்குள் வரும். உழைத்த காசைப் பறிக்கவும் முடியும். உங்களில் தவறில்லாமல் முடிவு 12 மாதத்துக்கு மேல் தாமதமானால் வேலை அனுமதி கேட்கலாம். ஆனால் கிடைத்தாலும் குறித்த சில வேலைகளுக்குத்தான், சுயதொழில் செய்ய முடியாது.

ஆனால் பதிவு செய்த தொண்டு நிறுவனத்துக்கோ அரச அமைப்புக்கோ தொண்டராக உதவலாம். உண்மையான போக்குவரத்துச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் வாங்கலாம். சம்பளமோ அதற்குப் பதிலான பொருளோ வாங்கக் கூடாது. ஸ்ரூடியோ ஒரு வியாபாரம். அங்கே 'சும்மா பழக வந்தனான்' என்று நின்றாலும் அது தொண்டு ஆகாது. சந்தேகம் என்றால் முதலில் உங்கட சொலிசிட்டரைக் கேளுங்கோ.

எனக்கு 2012 இல் அகதி அந்தஸ்து கிடைத்தது. முதல் கலியாணத்தில் கெட்டிமேளம் தொடங்கின நேரம் பற்றரி முடிந்துவிட்டது! தாலி கட்டின படம் இல்லை. காசை முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன். இப்ப பையில் மூன்று பற்றரி, இரண்டு மெமரி காட். வீட்டுக்கு வந்ததும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்த பிறகுதான் படுக்கை.

அந்தஸ்து கிடைத்த பிறகு நீங்களும் பகுதிநேரமாக இதைச் செய்யலாம். ஒரு வரி ஆண்டில், அதாவது ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை, செலவு கழிக்க முதல் வரவு 1000 பவுண்ஸைத் தாண்டினால் வரித் திணைக்களத்தில் பதிய வேண்டும். அரச உதவிப்பணம் எடுத்தால் அங்கேயும் அறிவிக்க வேண்டும். முதல் நாளே ஒரு கொப்பியில் வரவு செலவு எழுதத் தொடங்குங்கோ.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: ஸ்ரூடியோவுக்குப் போகாதேங்கோ. எங்கட பொங்கல் விழாவுக்குப் படம் எடுக்க ஆள் இல்லை, வாங்கோ. கமரா என்னட்டை இருக்கு, பஸ் காசு நாங்கள் தருவோம். உங்களில் வேறு யாருக்கும் விருப்பம் என்றாலும் கூட்டம் முடிந்ததும் என்னோடு வந்து கதையுங்கோ.