நீரின் நிறம்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



அறிவியல் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். நாம் பட்டம் பெற்றது வரலாற்றில். எனினும் ஆசிரியர் இல்லாத ஆண்டுகளில் அறிவியலும் நடத்தியிருக்கிறோம். ஆகவே துணிந்து வந்தோம்.

கல்வராயன் மலையில் மழை ஓய்ந்தபின், சருகு படிந்த சுனைகளைப் பார்த்திருப்பீர்கள். அடியிலுள்ள கூழாங்கல் தெரியும். ஆயினும் நீர் பால் விடாத தேநீர்போல் பழுத்திருக்கும். அம்மலையினின்று இறங்கும் கோமுகியாறோ வெள்ளக் காலத்தில் செம்மண் நிறமாய் ஓடிக் கச்சிராயபாளையத்தருகே அணையில் தேங்குகிறது. இவ்விரு நிறங்களும் ஒன்றல்ல. ஆற்றில் மிதப்பது மண்துகள். தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டால் படிந்துவிடும். சுனையின் பழுப்பு கரைந்த பொருள். வேட்டியை எட்டாக மடித்து வடித்தாலும் போகாது.

இலையும் பட்டையும் மட்கும்போது அவற்றின் கரிமப் பொருள்கள் மழைநீரில் கரைகின்றன. அவை புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் மிகுதியாக உறிஞ்சும். பச்சையைக் குறைவாகவும், சிவப்பை மிகக் குறைவாகவும் உறிஞ்சும். அலைநீளம் ஏறத்தாழ 50 நானோமீட்டர் கூடுந்தோறும் உறிஞ்சுதல் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. நீலம் பறிபோக, நம் கண்ணை எட்டுவது மஞ்சளும் பழுப்புமே. தூய நீர் இதற்கு மாறானது. அது சிவப்பை உறிஞ்சி நீலத்தைச் சிதறடிக்கும். கடலின் நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்பன்று என்று 1921இல் கப்பற் பயணத்தில் கண்டு காட்டியவர், திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன்.

இப்பழுப்பில் துவர்ப்பொருளும் உண்டு. மலைவாழ் மக்கள் பொறுக்கும் கடுக்காயிலும், ஆவாரம்பட்டையிலும் இருப்பது அதுவே. நம் பாட்டன்மார் தோல் ஊறவைத்த தொட்டியிலும் அதுவே இருந்தது. சுனையின் பழுப்பை மூலிகைத் தீர்த்தமென்று ஏந்திக் குடித்தவர்கள், பட்டைச்சாறு ஏறிய விரல்களைத் தீட்டு என்றார்கள். நாம் சிறுவராயிருந்தபோது ஒரு பொதுக் குழாயடியில் நம் குடத்தை அப்பால் வைக்கச் சொன்னார்கள். அது கடுக்காயின் நிறமென்று சொல்ல அன்று நமக்குத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா என்பது வேறு.

மகாடு நகரின் சவுதார் குளத்தில் 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் நீரள்ளிப் பருகினார். பின்னர் அக்குளத்தைத் ‘தூய்மை’ செய்வதாகச் சொல்லிச் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் ஊற்றினார்கள். வேதியியல் கணக்கில், குளத்தில் கரிமப் பொருளைக் கொட்டியவர்கள் அவர்களே!

ஊராட்சித் தொட்டிகளில் பணிபுரியும் நம் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழுப்பு நீரில் பிளீச்சிங் பவுடர் இட்டால், குளோரினில் ஒரு பகுதி கரிமப் பொருளோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். டிரைஹாலோமீத்தேன் என்னும் தீய சேர்மங்களும் உண்டாகும். குழாய்வரிசையின் கடைக்கோடி பெரும்பாலும் நம் தெருதான். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டுமென்பது இந்தியத் தர நிர்ணயம். தொட்டியடியில் சோதித்தால் போதாது. நம் தெருக் குழாயில் சோதிக்கக் கேளுங்கள். தெளிந்த நீரையும் சோதிக்கக் கேளுங்கள், கிருமிக்கு நிறமில்லை.

இம்மேசைமேல் இரு கண்ணாடிக் குவளைகள் வைத்திருக்கிறோம். ஒன்றில் குழாய்நீர், மற்றொன்றில் கடுக்காய் ஊறிய நீர். கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் வந்து, பின்னால் நீல விளக்கையும் சிவப்பு விளக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாருங்கள்.