தறிவீட்டின் மொழி



ஆட்சிமொழிக் கருத்தரங்கைச் சென்னையில் வைக்காமல் ஆட்டையாம்பட்டியில் ஏன் வைக்கிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலத்தில் பிறந்த டாக்டர் ப. சுப்பராயனை நினைத்துத்தான் இந்த மண்ணுக்கு வந்தோம்.

1938இல் ராஜாஜி அமைச்சரவையில் கல்வி அமைச்சர் அவர். 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது அந்த ஆட்சி. அதை எதிர்த்துச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைவாசத்தில் உயிரிழந்தார்கள். 1940 பிப்ரவரியில் ஆணை விலக்கப்பட்டது. அதே சுப்பராயன் 1955இல் பி. ஜி. கேர் தலைமையிலான ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினரானார். மறு ஆண்டு அறிக்கை முடிந்தபோது, அவரும் வங்கத்து மொழியறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜியும் உடன்பட மறுத்துத் தனிக்குறிப்பு எழுதினார்கள். இந்திக்கு மாறும் அவசரத்தை எதிர்த்த குறிப்பு அது. தாம் இருந்த ஆட்சியின் பிழையைப் பதினெட்டு ஆண்டு கழித்துத் தம் பேனாவாலேயே நேர்செய்தார் என்று நான் கொள்கிறேன். ஆங்கிலம் தொடரும் என்று 1959இல் நேரு தந்த உறுதிமொழியும், 1965இல் தமிழகம் கொதித்தெழுந்ததும், 1967இன் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தமும் பிறகு வந்தவை.

அந்த 1956ஐ விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்த ஆண்டு அது. அங்கே தமிழும் ஆட்சிமொழியாக 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கே தமிழுக்கு ஆட்சிமொழிச் சட்டம் கிடைத்ததும் அதே 1956இல்தான். அரசியலமைப்பில் 350அ பிரிவு சேர்ந்ததும் அப்போதுதான்: மொழிச் சிறுபான்மைக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் முயல வேண்டும். தனிக்குறிப்பையும் இரு சட்டங்களையும் நாம் மேடைதோறும் பேசுகிறோம். இந்தப் பிரிவைப் பேசுவதில்லை.

நேற்று மாலை இந்தப் பக்கத்தில் கன்னடம் பேசும் தேவாங்கர் தறிவீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். தறிக்குழியில் தாத்தா. பக்கத்தில் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்து "ஊட்ட ஆயித்தா?" என்றார். "சாப்ட்டேன் தாத்தா" என்று தமிழில் பதில் வந்தது. கன்னடம் அவளுக்குப் புரிகிறது, நாக்கில் வருவதில்லை. எழுதத் தெரியுமா என்று கேட்டேன். தாத்தாவும் தலையாட்டினார், தெரியாது என்று. கன்னடத்துக்காவது கர்நாடகம் இருக்கிறது, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடமும் இருக்கிறது. சேலத்தில் பட்டு நெய்யும் சௌராஷ்டிரர் மொழிக்கு இரண்டும் இல்லை. 2011 கணக்கில் அதைப் பேசுவோர் ஏறத்தாழ இரண்டரை லட்சம். சொந்த எழுத்து உண்டு, அது யூனிகோடிலும் ஏறிவிட்டது. 14 மொழிகளில் தொடங்கி 22 ஆன அட்டவணையில் மட்டும் ஏறவில்லை.

இங்கே இந்தி எதிர்ப்பு மூண்ட அதே 1938இல், சுவிட்சர்லாந்து மக்கள் வாக்களித்து, மலைப் பள்ளத்தாக்குகளில் சிலரே பேசும் ரோமான்ஷை நான்காவது தேசிய மொழியாக்கினார்கள். அம்மொழியில் தொடக்கப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. டெல்லியிடம் நாம் கேட்கும் நியாயத்தை நம் தெருவிலும் கொடுத்தால்தான் நம் கேள்விக்கு வலு என்பது என் உறுதியான கருத்து. அதனால் தமிழுக்கு ஒரு குறையும் வராது.

முதல் அமர்வில் 350அ பிரிவையே எடுத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறேன். நேற்றுப் பார்த்த பெரியவர் பேத்தியோடு மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். முதலில் அவர் தம் மொழியிலேயே பேசட்டும். தமிழில் பேத்தி சொல்வாள். வாருங்கள் ஐயா, மேடைக்கு.