கல் நடந்து வரும் நடை: ஒரு முன்னிசையின் காலம், சுருதி, மெய்ப்பாடு



நூலின் பாயிரம் எவ்வளவு சொல்லலாம் என்பது பாவலர்க்குப் பழைய வினா. முடிவை முன்னரே உணர்த்திவிட்டால் சுவை குன்றுமா, கூடுமா? மேலைநாட்டு இசை நாடகமாகிய ஆபெராவிலும் இவ்வினா எழுந்ததுண்டு. திரை விலகுமுன் பாட்டின்றிப் பல்லியம் மட்டும் இசைக்கும் பகுதியை அங்கு ஓவர்ச்சர் என்பர். முன்னிசை எனத் தமிழில் கூறலாம். நிகழவிருக்கும் கதையின் இயல்பை முன்னிசை அவையோர்க்கு உணர்த்த வேண்டும் என்று, தம் 'அல்செஸ்தே' நாடகத்தின் 1769ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் கிளூக் வற்புறுத்தினார். எல்லாரும் அதற்குச் செவிசாய்த்தனர் என்பதற்கில்லை. ரோசினி 1813இல் எழுதிய ஒரு முன்னிசையை 1815இல் வேறொரு நாடகத்துக்கும், 1816இல் 'செவில் நகரத்து நாவித'னுக்கும் சூட்டினார். முதலது வீரமும் காதலும் கலந்த கதை, இறுதியது நகைச்சுவை. ஒரே சட்டை மூவர்க்கும் பொருந்திற்று!

மோசார்ட்டின் 'டான் ஜியோவானி' அத்தகையதன்று. லொரென்சோ டா பொந்தே உரைப்பாட்டு எழுத, 1787 அக்டோபர் 29 அன்று பிராக் நகரில் அரங்கேறிய நாடகம் இது. மகளிரை மயக்கிக் கைவிடுவதையே வாழ்வாகக் கொண்ட ஒரு பிரபு, ஒருத்தியின் தந்தையை வாட்போரில் கொல்கிறான். பின்னர் இடுகாட்டில் அவருடைய கற்சிலையைக் கண்டு, எள்ளலாக விருந்துக்கு அழைக்கிறான். சிலை வருகிறது. திருந்த மறுத்தவனை நெருப்பு விழுங்குகிறது. இக்கதையை மோசார்ட் தம் படைப்புப் பட்டியலில் நகைச்சுவை ஆபெரா என்றே குறித்துக்கொண்டார் என்பது கருதத்தக்கது. அச்சமும் நகையும் இதில் ஒரே கூரையின்கீழ்க் குடியிருக்கின்றன.

முன்னிசையை அவர் கடைசி இரவில் எழுதினார் என்றும், உறக்கம் வராதிருக்க மனைவி கான்ஸ்டன்ஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தார் என்றும் வாழ்க்கை வரலாறுகள் கூறும். கேட்க இனிய செய்தி. ஆயினும் நாடகத்தின் உச்சக் காட்சியை உள்ளத்தில் முற்ற முடித்துவைத்திருந்த ஒருவரே இதனை இவ்வாறு எழுத இயலும். ஏனெனில் முன்னிசையின் தொடக்கம் சிலை விருந்துக்கு வரும் காட்சியின் இசையேயாம்.

டி மைனர் சுருதியில் பல்லியம் முழுதும் ஓங்கி ஒலிக்கிறது. அடுத்து மௌனம். மீண்டும் ஓர் ஓங்கிய ஒலி. பின்னர்த் தாழ்ந்த குரலில், இடறி இடறி நடப்பது போன்ற தாளம். வயலின்கள் தாளத்தோடு ஒட்டாமல் பிந்திப் பிந்தி ஒலிக்க, சுரவரிசைகள் எழுந்து இறங்குகின்றன. ஒவ்வொரு முறையும் சற்று மேலிருந்து தொடங்குகின்றன. முப்பது தாளக்கட்டுகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இப்பகுதிக்கு மோசார்ட் இட்ட காலக்குறி 'ஆந்தாந்தே'. நடத்தல் என்னும் பொருளுடைய இத்தாலிய வினையிலிருந்து பிறந்த சொல் அது. தமிழிலும் செய்யுளின் ஓட்டத்தை நடை என்றே சொல்கிறோம். நான்கு தட்டாக அன்றி இரண்டு தட்டாக எண்ண வேண்டும் என்னும் 'அல்லா பிரெவே' குறியும் உடன் உள்ளது. ஆகவே இது தேங்கி நிற்கும் இசையன்று. நடந்து வரும் இசை. இருபதாம் நூற்றாண்டின் நடத்துநர் பலர் இதனை மிக நீட்டி, கல்லறைப் பாடல்போல் இசைத்தனர். 1954இல் சால்ஸ்பர்கில் ஃபுர்ட்வாங்ளர் நடத்தியது இவ்வகைக்குச் சான்று. அதன் மாட்சியை மறுப்பதற்கில்லை. 1990களில் நாரிங்டன், கார்டினர் முதலியோர் பழங்காலக் கருவிகளைக் கொண்டு விரைந்த காலத்தில் இசைத்தபோது, மாட்சி குறைந்தது என்று குறை கூறினாரும் உளர். ஆனால் அச்சம் குறைந்ததா? நிற்கும் சிலை யாரையும் அச்சுறுத்துவதில்லை. ஊர்தோறும் சிலைகள் நிற்கின்றன. நடந்து வரும் சிலையே அச்சம் தருவது. அது விரைந்து ஓடி வரவும் வேண்டா. இயல்பாக நடந்து வந்தாலே போதும்.

சுருதியை நோக்குவோம். மைனர் என்பது ஏறத்தாழ நடபைரவியின் சுரங்கள். மேஜர் என்பது சங்கராபரணம். இரண்டையும் செவி உடனே பிரித்தறிவது மூன்றாம் சுரமாகிய காந்தாரத்தால். அதனைக் கைக்கிளை எனத் தமிழிசையார் வழங்குவர். ஒருதலைக் காமத்துக்கும் அதுவே பெயராதல் இக்கதைக்குத் தற்செயலாய் வாய்த்த பொருத்தம். கொலையுண்ட தந்தையின்பொருட்டுப் பழிவாங்கச் சூளுரைக்கும் இருவர் பாட்டும், சிலையின் வருகையும் டி மைனரிலேயே அமைந்துள்ளன. முன்னிசையிலோ, முப்பது தாளக்கட்டுகளுக்குப் பின் ஆதார சுரம் மாறாதிருக்கக் காந்தாரம் மட்டும் உயர்கிறது; டி மேஜர் பிறக்கிறது. காலம் 'மோல்தோ அல்லெக்ரோ', மிக விரைவு. துள்ளலும் செருக்கும் நிறைந்த இசை. டான் ஜியோவானி வேறு நிலத்தில் வாழவில்லை. தன் சாவு நின்ற அதே நிலத்தில்தான் களித்தாடுகிறான். சொல்லின்றி இதனைச் சொல்லியது சுருதி.

இவ்வளவும் முன்னரே வெளிப்பட்டபின் உச்சக் காட்சிக்கு எஞ்சுவது யாது என்று வினவலாம். மோசார்ட் கருமியைப்போல் இரண்டை மறைத்து வைத்தார். டிராம்போன் என்னும் பித்தளைக் குழல்கள் முன்னிசையில் இல்லை. இடுகாட்டிலும் இறுதி விருந்திலும் மட்டுமே அவை முழங்கும். இரண்டாவது: முன்னிசையின் முதல் ஒலி டி மைனரில் உறுதியாகக் காலூன்றி நிற்பது, சிலை கதவில் தோன்றும்போது அவ்விடத்தில் கேட்பதோ, எங்கும் காலூன்றாத, செவியை அலைக்கழிக்கும் வேறொரு சுரக்கூட்டு. முன்பே கேட்டது என்று நம்பியிருந்த செவி அங்கு ஏமாறுகிறது. பாயிரம் பொருளைச் சொல்லிவிட்டது; ஆயினும் நூல் தன் வலிமையை இழக்கவில்லை.

முன்னிசையின் இறுதியும் நோக்கத்தக்கது. அது முடிவதில்லை. டி மேஜரில் நிறைவுற வேண்டியது, மெல்லச் சுருதி விலகி எஃப் மேஜருக்குள் வழுவிச் செல்கிறது. கைதட்ட இடமில்லை. இசையரங்குகளில் தனியே வாசிப்பதற்கென மோசார்ட்டே வேறொரு முடிவு எழுதினார். அது கதவைச் சாத்திவிடுகிறது. நாடக அரங்கிலோ கதவு திறந்தே இருக்கிறது. திரை விலகுகிறது. இரவு. ஒரு பெண்ணின் வீட்டு வாயிலில், உள்ளே சென்ற தலைவனுக்குக் காவலாக நிற்கும் லெப்போரெல்லோ என்னும் பணியாள், இரவு பகலாக உழைத்தும் பயனில்லையே என்று முணுமுணுத்தபடி, இங்கும் அங்கும் நடந்துகொண்டிருக்கிறான்.