வழிநடத்துவோரும் பயில வேண்டும்



பிள்ளைகளை நல்வழிப்படுத்துவது பற்றி நாம் அடிக்கடி பேசுகின்றோம். அவர்களை வழிநடத்த முன்வரும் பெரியவர்களைப் பயிற்றுவிப்பவர் யார் என்று கேட்பதோ அரிது. ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் அஹதிய்யா வகுப்பையும் விளையாட்டுக் கழகத்தையும் சாரணர் குழுவையும் தமது ஓய்வு நேரத்தைக் கொடுத்து நடத்துவோர் நமது நன்றிக்குரியவர்கள். ஆயினும் நல்லெண்ணம் மட்டும் போதுமா?

மலையகத்தில் தலைமை என்றதும் நினைவில் எழுவது பெரட்டுக்களம். விடியற்காலையில் தொழிலாளர் திரண்டு நிற்பர். கங்காணி வேலையை ஏவுவார். அவருக்கு மேலே கணக்கப்பிள்ளை, அவருக்கும் மேலே துரை. மேலிருப்பவர் ஏவுவதும் கீழிருப்பவர் பணிவதுமே தலைமை என்னும் எண்ணம் லயத்திலும் கடைவீதியிலும் தலைமுறைகளாக ஊறிவிட்டது. இளைஞரிடம் செல்லும்போது நாமும் அறியாமலே அதனைக் கொண்டு செல்கின்றோம். அதட்டலுக்கு அஞ்சும் பிள்ளை சில வாரங்கள் வருவான், பின்னர் வரமாட்டான்.

இதற்கு மாற்றான ஒரு வழியும் நம் மலைநாட்டுக்குப் புதியதன்று. இலங்கையில் சாரணியம் 1912ஆம் ஆண்டு மாத்தளையிலும், பெண் சாரணியம் 1917ஆம் ஆண்டு கண்டியிலும் தொடங்கின. பெரியவர்களுக்கும் முறையான பயிற்சி தேவை என்பதை உணர்ந்த சாரணர் இயக்கம், 1919ஆம் ஆண்டு செப்டெம்பரில் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் தருசின்னப் பயிற்சியை ஆரம்பித்தது.

அப்பயிற்சியின் உயிர்நாடி யாது? பெரியவர்களே சிறு சிறு அணிகளாகப் பிரிந்து பாசறையில் வாழ்கின்றனர். ஊரில் அதிபராகவோ முதலாளியாகவோ இருப்பவர், அங்கே அடுப்பு மூட்டுகிறார். தம்மிலும் வயது குறைந்த அணித்தலைவர் சொல்வதைக் கேட்டு நடக்கிறார். கற்றதைத் தமது குழுவிலே செயற்படுத்திக் காட்டிய பின்னரே மரமணிகள் இரண்டை அணியும் தகுதியைப் பெறுகிறார். வழிநடத்தப்படுவது எத்தகையது என்பதை உணர்ந்தவரே பிறரை வழிநடத்தத் தக்கவர் என்பதே அதன் பொருள்.

நமது வரலாறும் இதனைக் காட்டுகின்றது. ஹிஜ்ரி 11இல், அதாவது 632ஆம் ஆண்டில், இருபது வயதளவிலான உஸாமா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் படைத்தளபதியாக நியமித்தார்கள். மூத்தோர் பலர் அப்படையில் இருந்தனர். பின்னர் அப்படையை வழியனுப்பிய கலீபா அபூபக்கர் (ரலி) அவர்கள், வாகனத்தில் அமர்ந்திருந்த அவ்விளைஞருடன் கால்நடையாகச் சென்றார்கள். உமர் (ரலி) அவர்களை மதீனாவில் தம்முடன் விட்டுச் செல்லுமாறு அவரிடமே அனுமதி கேட்டார்கள். கலீபா கட்டளையிட்டிருக்கலாம், ஆனால் கேட்டார்கள்.

தொண்டர்களே, அடுத்த நிகழ்ச்சியில் ஒரு பொறுப்பையேனும் இளைஞரிடம் முழுமையாக ஒப்படையுங்கள். அவர்கள் தவறினால் பறித்துக்கொள்ளாமல் அருகே நில்லுங்கள்.

பெற்றோரே, நிகழ்ச்சியை நடத்துபவர் என்ன பயிற்சி பெற்றவர் என்று விசாரியுங்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் மறைவிடத்தில் தனித்திருக்கக் கூடாது என்னும் ஒழுங்கு அங்கே உண்டா என்றும் கேளுங்கள். இது சந்தேகமன்று, பெற்றோரின் கடமை. நல்ல தொண்டர் அக்கேள்வியால் மனம் நோகமாட்டார்.

இளைஞர்களே, இன்று உங்களுக்குக் கிடைக்கும் சிறு பொறுப்பைச் செவ்வனே செய்யுங்கள். நாளை உங்கள் தோட்டத்துச் சிறுவருக்கு முன்னால் நிற்கப்போகிறவர்கள் நீங்களே.