ஈயச் சொம்பும் மந்திர எண்களும்

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே, பின்வரிசையில் செல்போனை உயர்த்திப் பிடித்தபடி பிள்ளையைத் தேடும் பெற்றோர்களே!

என்னை அறிமுகப்படுத்தியவர் என் கட்டுரைகள் எத்தனை, அவற்றை மேற்கோள் காட்டியவர்கள் எத்தனை, அந்த மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று வாசித்தார். ஜாதகத்தில் கட்டம் பார்ப்பதுபோல இப்போது எங்களுக்கு இந்த எண்களைப் பார்க்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு இயற்பியலாளர் மரியா கோப்பர்ட் மேயர் நினைவு வந்தார்.

ஜெர்மனியின் கோட்டிங்கனில் 1930-இல் முனைவர் பட்டம் பெற்றவர். ஓர் அணு ஒரே கணத்தில் ஃபோட்டான் என்னும் ஒளித்துகள்கள் இரண்டைச் சேர்த்து விழுங்க முடியும் என்று ஆய்வேட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டே அது விரிவான கட்டுரையாக வந்தது. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்குச் செறிவான ஒளி அன்று உலகில் இல்லை. 1960-இல் லேசர் வந்தது. 1961-இல் பெல் ஆய்வகத்தில் கைசரும் காரெட்டும் அந்த விளைவைக் கண்ணால் பார்த்தார்கள். இடையில் முப்பது ஆண்டுகள்! 1935 வாக்கில் ஒரு பணித்தேர்வுக் குழு அந்தக் கட்டுரையை எடைபோட்டிருந்தால் என்ன எழுதியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்று உயிருள்ள மூளைத் திசுவுக்குள் எட்டிப் பார்க்கும் நுண்ணோக்கிகள் அந்தக் கணக்கின்மேல்தான் நிற்கின்றன. இருஃபோட்டான் உறிஞ்சலை அளக்கும் அலகுக்கே அவர் பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்த அலகில் அளந்து எழுதுகிற பலர் மூலக்கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை. லிட்டரில் பால் வாங்குகிறவர் யாருக்கு நன்றி சொல்கிறார்?

அந்த முப்பது ஆண்டுகளும் அவருக்கு எளிதாகப் போகவில்லை. அமெரிக்க வேதியியலாளர் ஜோசப் மேயரை மணந்து பால்டிமோர் போனார். கணவனும் மனைவியும் ஒரே பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கக் கூடாது என்று விதி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கொலம்பியா, சிகாகோ என்று கணவரோடு இடம் மாறி, பெரும்பாலும் சம்பளமில்லாமலோ அரைச் சம்பளத்திலோ பாடம் நடத்தினார், ஆராய்ந்தார். 1946-இல் ஆர்கான் ஆய்வகத்தில் பகுதிநேர வேலைக்கு அழைத்தபோது, தனக்கு அணுக்கரு இயற்பியலே தெரியாது என்றாராம். அழைத்தவர் அவருடைய பழைய மாணவர்; விடவில்லை.

இனிக் கொஞ்சம் அடுப்படிக்கு வாருங்கள். ஈயச் சொம்பில் ரசம் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொம்பு வெள்ளீயம். வெள்ளீயத்தின் அணுக்கருவில் 50 புரோட்டான்கள். நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபட்டு, சிதையாமல் நிலைத்து நிற்கும் வகைகள் அதற்குப் பத்து உண்டு. வேறெந்தத் தனிமத்துக்கும் அத்தனை இல்லை. ஏன் 50? 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்கள் வரும் இடத்திலெல்லாம் அணுக்கரு தனி உறுதியோடு இருப்பதை மேயர் சான்றுகளைக் குவித்துக் காட்டினார். இவற்றுக்கு ‘மந்திர எண்கள்’ என்று பெயரிட்டவர் இயற்பியலாளர் யூஜின் விக்னர். பாராட்டைவிட அதில் கேலிதான் அதிகம் என்பார்கள்.

காரணம் பிடிபடவில்லை. ஒருநாள் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியோடு மேயர் பேசிக்கொண்டிருந்தபோது ஃபெர்மிக்குத் தொலைபேசி வந்தது. எழுந்து போகிறவர் வாசலில் நின்று, அணுக்கருத் துகள்களின் தற்சுழற்சிக்கும் சுற்றுப்பாதைக்கும் பிணைப்பு இருப்பதற்கு ஏதாவது அறிகுறி உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். மேயருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு அதை நடனத்தைக் கொண்டு விளக்கினார்: ஓர் அரங்கில் ஜோடிகள் வட்டமாகச் சுற்றுகிறார்கள், சுற்றிக்கொண்டே தாங்களும் சுழல்கிறார்கள். வட்டம் போகும் பக்கமாகவே சுழல்வது சுலபம். எதிர்ப்பக்கம் சுழல்வது கடினம். இந்த வேறுபாட்டைக் கணக்கில் சேர்த்ததும் 50, 82, 126 எல்லாம் தாமாக வந்து விழுந்தன.

அதே நேரத்தில் ஜெர்மனியில் ஹான்ஸ் யென்சனும் கூட்டாளிகளும் அதே விடையை எட்டியிருந்தார்கள். அது தெரிந்ததும் மேயர் செய்த காரியத்தை இன்றைய ஆராய்ச்சி மாணவர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். தன் கட்டுரையைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, இரண்டையும் சேர்த்து வெளியிடும்படி இதழைக் கேட்டுக்கொண்டார்! கடைசியில் அவர்களுடையது முந்தைய இதழிலேயே வந்துவிட்டது. அவர் மனக்கசப்பு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. 1955-இல் யென்சனோடு சேர்ந்தே புத்தகம் எழுதினார். 1963-இல் நோபல் பரிசில் இருவருக்கும் கால் கால் பங்கு; பாதி விக்னருக்கு. அப்போது அவர் வாழ்ந்த ஊரின் செய்தித்தாள் சான் டியேகோ தாய்க்கு இயற்பியல் பரிசு என்று தலைப்புப் போட்டது. தந்தைகள் வாங்கும்போது அப்படிப் போட்டதாக எனக்கு நினைவில்லை.

மேயர் நிறுத்திவைக்கச் சொன்ன அந்த 1949 கட்டுரையின் இறுதியில் ஒரு வரி இருக்கிறது. ஃபெர்மியின் அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்காட்டி, இந்தக் கட்டுரைக்கு அதுவே பிறப்பிடம் என்று நன்றி சொல்கிறார். கூகுள் ஸ்காலர் நன்றி வரிகளை எண்ணுவதில்லை. வாசலில் நின்று கேட்ட கேள்வியால் யாருடைய எச்-இண்டெக்ஸும் உயராது.

முழுப் பேராசிரியராக முழுச் சம்பளம் அவருக்கு 1960-இல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில்தான் கிடைத்தது. அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். சற்று முன் என்னை அறிமுகப்படுத்தும்போது வாசித்தார்களே, அந்த எச்-இண்டெக்ஸ்தான் அது.

அடுத்து உங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கப் போகிறார்கள். எண் எதுவும் ஒட்டாத வெறும் பெயர்கள். நான் இறங்கிக்கொள்கிறேன்.